இணைதிற எலக்ட்ரான்களும் தனிமத் தொகுதிகளும்: அணு எண்ணில் தொடங்கும் முழுமையான வழிகாட்டி

சோடியத்தில் 11 எலக்ட்ரான்கள், பொட்டாசியத்தில் 19, சீசியத்தில் 55. மூன்றையும் தண்ணீரில் போட்டால் நடப்பது ஒரே வகை வினைதான்: ஹைட்ரஜன் வெளியேறும், கரைசல் காரமாகும். எண்ணிக்கையில் இவ்வளவு தள்ளி நிற்கும் மூன்றும் குணத்தில் உறவாக இருப்பதற்குக் காரணம், மூன்றின் வெளிக்கூட்டிலும் ஒற்றை எலக்ட்ரான்தான் இருக்கிறது. உள்ளே எத்தனை அடுக்குகள் நிரம்பிக் கிடந்தாலும் பக்கத்து அணுவோடு கொடுக்கல் வாங்கல் செய்வது வெளியே நிற்பதுதான்.

தனிம வரிசை அட்டவணையின் தொகுதி எண், அதாவது செங்குத்து வரிசையின் எண், இந்த வெளி எலக்ட்ரான்களின் கணக்கு. ஆனால் அந்தக் கணக்கை எடுக்கும் முறை எல்லாத் தொகுதிக்கும் ஒன்றல்ல. மாணவர்கள் இடறுவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு விதியை மனப்பாடம் செய்து அதையே 18 தொகுதிகளிலும் ஓட்டப் பார்க்கிறார்கள். எங்கே ஓடும், எங்கே ஓடாது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்களுக்கு ஒரு குறிப்பு: இங்கே எலக்ட்ரான் என்று வருவது அங்கே இலத்திரன், கூடு என்பது ஓடு, தொகுதி என்பது கூட்டம், தொடர் என்பது ஆவர்த்தனம், இணைதிறன் என்பது வலுவளவு.

எதை எண்ணுகிறோம்?

தொகுதி 1, 2 மற்றும் 13 முதல் 18 வரை உள்ளவை முதன்மைத் தொகுதிகள். இவற்றில் இணைதிற எலக்ட்ரான்கள் என்றால் மிக உயர்ந்த கூட்டில், அதாவது கூட்டின் வரிசை எண்ணான முதன்மைக் குவாண்டம் எண் மிகப் பெரிதாக உள்ள கூட்டில், எஸ் மற்றும் பி ஆர்பிட்டால்களில் இருப்பவை. ஆர்பிட்டால் என்பது கூட்டுக்குள் எலக்ட்ரான்கள் இருக்கும் இடம்; ஒவ்வொன்றும் 2 கொள்ளும். எஸ் ஆர்பிட்டாலில் 2, மூன்று பி ஆர்பிட்டால்களில் சேர்த்து 6 என்று அதிகபட்சம் 8. எட்டு என்ற எண் வேதியியலில் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான்.

இணைதிறனும் இணைதிற எலக்ட்ரான்களின் எண்ணிக்கையும் ஒன்றல்ல. ஆக்சிஜனுக்கு இணைதிற எலக்ட்ரான்கள் 6; இணைதிறன் 2. குளோரினுக்கு 7, ஹைட்ரஜன் குளோரைடில் அதன் இணைதிறன் 1. முதலாவது அணுவிடம் என்ன இருக்கிறது என்கிற கணக்கு. இரண்டாவது அது எத்தனை பிணைப்பு போடுகிறது என்கிற கணக்கு. கார்பனுக்கு இரண்டுமே 4 ஆக அமைந்துவிட்டதால், கார்பனை வைத்துப் பாடம் தொடங்கினால் இந்தக் குழப்பம் கண்ணில் படாமலே போய்விடும். ஆக்சிஜனில் தொடங்குவது நல்லது.

முதல் படி: அணு எண்ணிலிருந்து தொகுதியைக் கண்டுபிடித்தல்

அட்டவணை கையில் இல்லாவிட்டாலும் ஆறு எண்கள் நினைவிருந்தால் போதும்: 2, 10, 18, 36, 54, 86. ஹீலியம், நியான், ஆர்கான், கிரிப்டான், செனான், ரேடான் ஆகிய மந்த வாயுக்களின் அணு எண்கள் இவை.

கொடுத்த அணு எண்ணைவிடச் சிறிய மந்த வாயு எண்களில் மிகப் பெரியதை எடுத்துக் கழியுங்கள். கிடைக்கும் மீதியை வைத்து:

1. மீதி 1 அல்லது 2 என்றால் அதுவே தொகுதி எண். எல்லாத் தொடருக்கும், அதாவது அட்டவணையின் எல்லாக் கிடைவரிசைக்கும், இது பொருந்தும்.
2. கழித்தது 2 அல்லது 10 என்றால், அதாவது இரண்டாம், மூன்றாம் தொடர் என்றால், 3 முதல் 8 வரையிலான மீதியோடு 10 கூட்டுங்கள். குளோரின் 17: 17−10 = 7, கூட்டினால் 17.
3. கழித்தது 18 அல்லது 36 என்றால், அதாவது நான்காம், ஐந்தாம் தொடர் என்றால், மீதியே தொகுதி எண். புரோமின் 35: 35−18 = 17. வெள்ளீயம் 50: 50−36 = 14.
4. கழித்தது 54 அல்லது 86 என்றால், மீதி 17 அல்லது அதற்கு மேல் இருக்கும்போது 14 கழியுங்கள். ஈயம் 82: 82−54 = 28; 28−14 = 14. தங்கம் 79: 25−14 = 11.

நான்காவதில் மீதி 3 முதல் 16 வரை வந்தால் அது லாந்தனைடு அல்லது ஆக்டினைடு. அட்டவணையின் அடியில் தனியாகத் தொங்கும் இரண்டு வரிகளில் ஒன்று. அங்கே தொகுதி எண்ணைத் தேடாதீர்கள். மூன்றாம் தொகுதியில் லாந்தனத்தை வைப்பதா லுட்டீசியத்தை வைப்பதா என்பதில் அச்சிட்ட அட்டவணைகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. இரண்டும் +3 நிலையில்தான், அதாவது மூன்று எலக்ட்ரான்களை இழந்த நிலையில்தான், சேர்மங்கள் தருகின்றன என்பதால் கணக்குக்கு அந்தச் சண்டை தேவையில்லை.

இந்த முறையில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று. மந்த வாயுவே கேள்வியில் வந்தால் அதன் எண்ணையே கழித்து மீதி பூஜ்ஜியம் என்று எழுதிவிடுவார்கள். நியான் 10-க்குக் கழிக்க வேண்டியது 2, மீதி 8, தொகுதி 18.

விலக்கு ஹீலியம். மீதி 2 என்றாலும் அதன் இடம் 18-ஆம் தொகுதி. முதல் கூட்டில் பி ஆர்பிட்டால் கிடையாது; இரண்டே எலக்ட்ரானில் கூடு நிறைந்துவிடுகிறது. எண்ணிக்கையைப் பார்த்தால் பெரிலியத்தின் தலைமேல் உட்கார வேண்டியது, குணத்தால் நியானின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. தொகுதி என்பது வெறும் எண்ணிக்கை மட்டுமல்ல, கூடு நிறைந்ததா இல்லையா என்பதும் சேர்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை.

இரண்டாம் படி: தொகுதி எண்ணிலிருந்து எலக்ட்ரான் எண்ணிக்கை

தொகுதி 1, 2 என்றால் எண்ணிக்கையும் 1, 2. தொகுதி 13 முதல் 18 வரை என்றால் 10 கழிக்க வேண்டும்: 3, 4, 5, 6, 7, 8. ஹீலியத்துக்கு மட்டும் 2.

ஏன் 10? நடுவில் உள்ள 3 முதல் 12 வரையிலான பத்துத் தொகுதிகள் டி ஆர்பிட்டால் நிரம்பும் இடம். ஐந்து டி ஆர்பிட்டால்களில் 10 எலக்ட்ரான்கள் நிறைந்த பிறகு அவை உள்ளே அடங்கிவிடுகின்றன, பிணைப்புக்கு வருவதில்லை. கேலியத்தில் 3டி¹⁰ (மூன்றாம் கூட்டின் டி ஆர்பிட்டால்களில் 10 எலக்ட்ரான்கள்) இருக்கிறது, ஆனால் அது பங்கெடுப்பதில்லை. அந்தப் பத்தைத்தான் கழிக்கிறோம்.

பழைய புத்தகங்களில் 1 முதல் 18 வரையிலான எண்முறை இருக்காது. ரோமன் எண்ணோடு ஏ, பி என்ற எழுத்துகள் இருக்கும். இதில் ஒரு கண்ணி உண்டு. அமெரிக்கப் பழக்கத்தில் போரான் குடும்பம் மூன்று-ஏ. ஐரோப்பியப் பழக்கத்தில் அதே போரான் குடும்பம் மூன்று-பி, ஸ்காண்டியம் குடும்பம்தான் மூன்று-ஏ. ஒரே பெயருக்கு இரண்டு பொருள். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் 1980-களில் 1–18 எண்முறையைக் கொண்டுவந்தது. பழைய முறையில் ஒரு வசதி இருந்ததை மறுக்க முடியாது: அமெரிக்க வழக்கில் ஏ தொகுதியின் ரோமன் எண்ணே நேராக இணைதிற எலக்ட்ரான் எண்ணிக்கையைச் சொல்லிவிடும், கழித்தல் தேவையில்லை.

மூன்றாம் படி: எலக்ட்ரான் அமைப்பை எழுதிச் சரிபார்த்தல்

நிரம்பும் வரிசை: 1எஸ், 2எஸ், 2பி, 3எஸ், 3பி, 4எஸ், 3டி, 4பி, 5எஸ், 4டி, 5பி, 6எஸ், 4எஃப், 5டி, 6பி. எஸ் 2, பி 6, டி 10, எஃப் 14 வரை கொள்ளும்.

செலினியம், அணு எண் 34. முந்தைய மந்த வாயு ஆர்கான் 18. மீதம் 16 எலக்ட்ரான்கள்: 4எஸ்² 3டி¹⁰ 4பி⁴. மிக உயர்ந்த கூடு 4. அதில் 2+4 = 6. தொகுதி 16, கழித்தல் 10, விடை 6. இரண்டு வழியும் ஒத்துப்போகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது, கடைசியாக நிரம்பியதை எண்ணக்கூடாது. மிக உயர்ந்த எண் கொண்ட கூட்டை எண்ண வேண்டும். செலினியத்தில் கடைசியாக நிரம்பியது 4பி⁴. அதை மட்டும் பார்த்து 4 என்று விடை எழுதுபவர்கள் ஏராளம். 4எஸ்² இடையில் 3டி¹⁰ வந்ததால் கண்ணிலிருந்து நழுவிவிடுகிறது. எழுதியவுடன் கூட்டு எண் வரிசையில் மாற்றி, 3டி¹⁰ 4எஸ்² 4பி⁴ என்று அடுக்கிக்கொண்டால் நழுவாது.

இன்னொரு பிழை இதைவிடப் பரவலானது: 2, 8, 8 என்ற மந்திரம். மூன்றாம் கூடு 8 எலக்ட்ரான்தான் கொள்ளும் என்று கீழ் வகுப்பில் பதிந்துபோகிறது. அதன் கொள்ளளவு 18. பொட்டாசியத்திலும் கால்சியத்திலும் 4எஸ் ஆற்றல் குறைவாக இருப்பதால் மூன்றாம் கூட்டில் 8 வந்ததும் அடுத்தவை நான்காம் கூட்டுக்குப் போகின்றன. அவ்வளவுதான். கால்சியம் வரை 2, 8, 8, 2 சரி. ஸ்காண்டியத்தில் 2, 8, 9, 2 ஆகிவிடும். கேலியத்துக்கு இந்த மந்திரத்தைப் போட்டால் 2, 8, 8, 13 என்று வரும். சரியானது 2, 8, 18, 3. முதன்மைத் தொகுதிகளில் வெளிக்கூட்டில் 8-ஐத் தாண்டி ஓர் எண் வந்தாலே கணக்கு எங்கோ பிசகிவிட்டது என்று பொருள்.

கேள்வியில் அயனி வந்தால் முதலில் நடுநிலை அணுவாக்கிக்கொள்ளுங்கள். சோடியம் அயனியில் 10 எலக்ட்ரான்கள் இருப்பதால் அது நியான் ஆகிவிடாது. தொகுதியைத் தீர்மானிப்பது புரோட்டான்களின் எண்ணிக்கை.

நான்காம் படி: அளவீடு என்ன சொல்கிறது?

மேலே செய்ததெல்லாம் காகிதக் கணக்கு. வெளிக்கூட்டில் இத்தனைதான் இருக்கிறது என்பதற்குச் சோதனைச் சான்று அடுத்தடுத்த அயனியாக்கும் ஆற்றல்கள். அணுவிலிருந்து எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்ற அளவு. அலகு கிலோஜூல்/மோல்.

சோடியம்: 496, 4562.
மெக்னீசியம்: 738, 1451, 7733.
அலுமினியம்: 578, 1817, 2745, 11577.
சிலிக்கான்: 787, 1577, 3232, 4356, 16091.

சோடியத்தில் முதல் எலக்ட்ரான் சுலபமாக வந்துவிடுகிறது. இரண்டாவதற்கு ஒன்பது மடங்கு. மெக்னீசியத்தில் தாவல் இரண்டுக்குப் பிறகு, அலுமினியத்தில் மூன்றுக்குப் பிறகு, சிலிக்கானில் நான்குக்குப் பிறகு. 1, 2, 13, 14 என்ற தொகுதிகள் வரிசையாகத் தெரிகின்றன. தாவலுக்குக் காரணம், அடுத்த எலக்ட்ரான் இரண்டாம் கூட்டிலிருந்து வர வேண்டும்; அது அணுக்கருவுக்கு நெருங்கியது, அதை மறைக்க உள்ளே இருப்பது முதல் கூட்டின் இரண்டு எலக்ட்ரான்கள் மட்டுமே.

தேர்வில் இந்த எண்களைக் கொடுத்துத் தொகுதியைக் கேட்பார்கள். அப்போது அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தைப் பாருங்கள். மடங்கைப் பார்த்தால் சில இடங்களில் ஏமாறுவீர்கள். கேலியத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: 579, 1979, 2963, 6180. முதலுக்கும் இரண்டாவதற்கும் இடையே மடங்கு 3.4, மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையே 2.1தான். மடங்கை நம்பினால் கேலியம் முதல் தொகுதி என்று ஆகிவிடும். வித்தியாசங்களோ 1400, 984, 3217. பெரிய தாவல் மூன்றுக்குப் பிறகு, தொகுதி 13. கேலியத்தின் தாவல் அலுமினியத்தினுடையதைப் போல அப்பட்டமாக இல்லாததற்குக் காரணம், நான்காவதாகப் பிடுங்கப்படுவது 3டி எலக்ட்ரான். அது அவ்வளவு ஆழத்தில் இல்லை.

இரும்பின் எண்கள்: 762, 1562, 2957, 5290. படிப்படியாக ஏறுகிறதே தவிர, இங்கேதான் கூடு முடிகிறது என்று சொல்லும் செங்குத்தான தாவல் இல்லை. இடைநிலைத் தனிமங்களுக்கு ஒற்றை எண்ணைச் சொல்ல முடியாததன் காரணம் இந்த வரியிலேயே அடங்கியிருக்கிறது.

ஐந்தாம் படி: எண்ணிக்கையை வைத்துச் சேர்மத்தின் வாய்பாடு

உலோகமும் அலோகமும் சேரும்போது கணக்கு எளிது. 1, 2, 13-ஆம் தொகுதி உலோகம் தன் இணைதிற எலக்ட்ரான்கள் அனைத்தையும் இழக்கும். 15, 16, 17-ஆம் தொகுதி அலோகம் எட்டை நிரப்ப 3, 2, 1 எலக்ட்ரான்களை ஏற்கும். கொடுப்பதும் வாங்குவதும் சமமாக வேண்டும். அலுமினியம் 3 கொடுக்கும், ஆக்சிஜன் 2 வாங்கும், ஆறில் சந்திக்கிறார்கள், ஆகவே 2 அலுமினியத்துக்கு 3 ஆக்சிஜன். மெக்னீசியம் 2, நைட்ரஜன் 3, மீண்டும் ஆறு, 3 மெக்னீசியத்துக்கு 2 நைட்ரஜன். மெக்னீசியம் நாடாவைக் காற்றில் எரித்தால் வெள்ளை ஆக்சைடோடு கொஞ்சம் இந்த நைட்ரைடும் உண்டாகும்.

அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் சகப்பிணைப்பு மூலக்கூறுகளுக்கு, இணைதிற எலக்ட்ரான்களைப் புள்ளிகளாகக் காட்டும் புள்ளி அமைப்பு வரைய வேண்டும். 1916-இல் லூயிஸ் கொண்டுவந்த முறை இது. நைட்ரேட் அயனியை வைத்து ஒருமுறை முழுதாகச் செய்து பார்ப்போம்.

முதலில் கையிருப்பு. நைட்ரஜனுக்கு 5, ஆக்சிஜன்கள் மூன்றுக்கு 18, எதிர்மின் சுமைக்கு 1. மொத்தம் 24. எதிர் அயனி என்றால் கூட்ட வேண்டும், நேர் அயனி என்றால் கழிக்க வேண்டும். இதை மாற்றிச் செய்வதுதான் இந்தப் பகுதியில் மதிப்பெண் விழுங்கும் பிழை. அம்மோனியத்துக்கு 5+4−1 = 8.

அடுத்து நடுவில் நைட்ரஜன், சுற்றி மூன்று ஆக்சிஜன், ஒவ்வொன்றோடும் ஓர் ஒற்றைப் பிணைப்பு. அதில் 6 செலவு; மீதி 18. அதை வெளி அணுக்களுக்கு முதலில் கொடுங்கள்: ஆக்சிஜன் ஒவ்வொன்றுக்கும் 3 ஜோடி, மொத்தம் 18. கையிருப்பு தீர்ந்தது. இப்போது எண்ணினால் ஆக்சிஜன்களுக்கு எட்டு இருக்கிறது, நைட்ரஜனுக்கு 6தான். எனவே ஏதாவது ஓர் ஆக்சிஜனின் தனி ஜோடியைப் பிணைப்பாக்கி இரட்டைப் பிணைப்பு போடுங்கள். எந்த ஆக்சிஜன் என்பதில் பேதமில்லை. மூன்றும் சமம் என்பதால் இரட்டைப் பிணைப்பின் இடம் மட்டும் மாறும் மூன்று உடனிசைவு அமைப்புகள் கிடைக்கும்.

கடைசியாக எழுதிய புள்ளிகளை மீண்டும் எண்ணி 24 வருகிறதா என்று பாருங்கள். பலரும் எட்டு நிரம்ப வேண்டும் என்ற அவசரத்தில் கையில் இல்லாத எலக்ட்ரானைப் போட்டுவிடுகிறார்கள்.

எட்டு வராத இடங்களும் உண்டு. நைட்ரிக் ஆக்சைடில் 5+6 = 11, ஒற்றைப்படை; எப்படி வரைந்தாலும் ஓர் எலக்ட்ரான் ஜோடியில்லாமல் நிற்கும், அது பிழையல்ல. போரான் ட்ரைபுளூரைடில் போரானைச் சுற்றி 6தான். பாஸ்பரஸ் பென்டாகுளோரைடில் பாஸ்பரஸைச் சுற்றி 10. அதே 15-ஆம் தொகுதியில் உள்ள நைட்ரஜன் ஐந்து குளோரின்களைச் சேர்த்துக்கொள்வதில்லை: இரண்டாம் கூட்டில் நான்கே ஆர்பிட்டால்கள், அணுவும் சிறியது, ஐந்து குளோரின்கள் நெருக்க இடமில்லை. இரண்டாம் தொடர் தனிமங்களுக்கு எட்டைத் தாண்டாதீர்கள் என்ற விதி மட்டும் பாதுகாப்பானது.

செனானை மறந்துவிடக் கூடாது. எட்டும் நிறைந்த 18-ஆம் தொகுதி வாயு வினையே புரியாது என்றுதான் பெரும்பாலோர் நம்பியிருந்தார்கள். ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பறிக்கும் பிளாட்டினம் ஹெக்சாபுளூரைடு கையில் இருந்தபோது, செனானின் முதல் அயனியாக்கும் ஆற்றலும் ஏறக்குறைய ஆக்சிஜன் மூலக்கூறினுடையது போலவே 1170 என்பதை நீல் பார்ட்லெட் கவனித்தார். 1962-இல் செனான் சேர்மம் உருவானது. நிறைந்த கூடு என்றால் பூட்டிய கதவு, ஆனால் திறக்கவே முடியாத கதவு அல்ல.

ஒரே எண்ணிக்கை, வெவ்வேறு குணம்

14-ஆம் தொகுதியை மேலிருந்து கீழே படியுங்கள். கார்பன் அலோகம், சிலிக்கானும் ஜெர்மானியமும் உலோகப்போலிகள், வெள்ளீயமும் ஈயமும் உலோகங்கள். ஐந்துக்கும் இணைதிற எலக்ட்ரான் 4. எண்ணிக்கை ஒன்றென்றால் குணம் ஒன்று என்ற பாடம் இந்தத் தொகுதியில் பாதிவழியில் நின்றுவிடுகிறது.

எண்ணிக்கை எத்தனை எலக்ட்ரான் என்று சொல்லுமே தவிர, எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்று சொல்லாது. முதல் தொகுதியின் முதல் அயனியாக்கும் ஆற்றல்கள்: லித்தியம் 520, சோடியம் 496, பொட்டாசியம் 419, ருபீடியம் 403, சீசியம் 376. கீழே போகப்போக வெளி எலக்ட்ரான் தூரத்தில் இருக்கிறது, நடுவில் உள்ள கூடுகள் அணுக்கருவின் ஈர்ப்பை மறைக்கின்றன. லித்தியம் தண்ணீரில் நிதானமாகக் குமிழிவிடும். சோடியம் உருகி உருண்டையாகி மேற்பரப்பில் ஓடும். பொட்டாசியம் இளம் ஊதாச் சுடரோடு பற்றிக்கொள்ளும். இறுக்கம் தளர்வதன் இன்னொரு அடையாளம் உருகுநிலை: சோடியத்துக்கு 97.8 பாகை செல்சியஸ், சீசியத்துக்கு 28.5 மட்டுமே. கோடை நாளில் சீசியம் குப்பிக்குள் திரவமாக நிற்கும்.

ஆய்வகத்தில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மண்ணெண்ணெயில் மூழ்கவைத்துப் பாதுகாப்பார்கள். லித்தியத்துக்கு இந்த வழி சரிவராது: அதன் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.53 கிராம், மண்ணெண்ணெயில் மிதந்து காற்றில் தலைநீட்டும்.

17-ஆம் தொகுதியில் திசை தலைகீழ். அங்கே வேலை எலக்ட்ரானை வாங்குவது; அணு சிறிதாக இருந்தால் ஈர்ப்பு அதிகம். அதனால் மேலே உள்ள புளூரின்தான் உக்கிரமானது. குளோரின் நீரைப் பொட்டாசியம் புரோமைடு கரைசலில் விட்டால் புரோமின் விடுபட்டுக் கரைசல் ஆரஞ்சு நிறமாகும். அயோடினை விட்டால் ஒன்றும் நடக்காது. இந்த ஒரு சோதனை தொகுதியின் வரிசையைக் கண்ணுக்குக் காட்டிவிடும்.

தொகுதி 3 முதல் 12 வரை

இங்கே வெளி எஸ் எலக்ட்ரான்களோடு நிறையாத டி எலக்ட்ரான்களும் பிணைப்புக்கு வரும். எஸ், டி இரண்டையும் கூட்டினால் தொகுதி எண் வரும்: மாங்கனீசு 3டி⁵ 4எஸ்², கூட்டினால் 7, தொகுதி 7. குரோமியம் 3டி⁵ 4எஸ்¹, கூட்டினால் 6. தாமிரம் 3டி¹⁰ 4எஸ்¹, கூட்டினால் 11. குரோமியத்திலும் தாமிரத்திலும் ஓர் எலக்ட்ரான் 4எஸ்-இலிருந்து 3டி-க்கு மாறியிருப்பது இந்தக் கூட்டுத்தொகையைப் பாதிப்பதில்லை என்பது வசதி.

ஆனால் எல்லாவற்றையும் இழக்க முடியுமா என்பது வேறு கேள்வி. நான்காம் தொடரில் மாங்கனீசு வரை முடிகிறது. டைட்டானியம் டைஆக்சைடில் +4, வனேடியம் பென்டாக்சைடில் +5, டைகுரோமேட்டில் +6, பெர்மாங்கனேட்டில் +7. அதற்குப் பிறகு அணுக்கருவின் பிடி இறுகி, டி எலக்ட்ரான்கள் உள்ளே அமிழ்ந்துவிடுகின்றன. எட்டாம் தொகுதியில் இருக்கும் இரும்பு +8 ஆவதில்லை. வழக்கமாக +2, +3தான். அதே தொகுதியில் கீழே இருக்கும் ஆஸ்மியம் டெட்ராக்சைடில் +8 எட்டிவிடுகிறது. பன்னிரண்டாம் தொகுதிக்கு வந்தால் டி முழுதாக நிறைந்து ஒதுங்கிவிடுவதால் துத்தநாகம் இரண்டாம் தொகுதி போல +2 மட்டுமே தரும்.

அயனியாகும்போது முதலில் வெளியேறுவது 4எஸ், பிறகுதான் 3டி. இரும்பு +2 என்றால் 3டி⁶. +3 என்றால் 3டி⁵. நிரம்பும்போது 4எஸ் முதலில் வந்ததே, அது கடைசியில்தானே போக வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. ஸ்காண்டியம் முதல் 3டி ஆற்றலில் கீழே இறங்கிவிடுகிறது; 4எஸ் வெளியே நிற்கிறது. நிரப்பும் வரிசையைப் பின்னோக்கி ஓட்டி அயனி அமைப்பு எழுதினால் தப்பாகும்.

ஈயமும் தாலியமும்: எண்ணிக்கை சரி, நடத்தை வேறு

ஈயம் 14-ஆம் தொகுதி, இணைதிற எலக்ட்ரான் 4. கணக்குப்படி +4 அதற்குச் சொந்த நிலையாக இருக்க வேண்டும். உண்மையில் +2தான் நிலையானது. 6பி²-ஐ விட்டுவிட்டு 6எஸ்²-ஐப் பிடித்துவைத்துக்கொள்கிறது. இதற்கு மந்த இணை விளைவு என்று பெயர். உள்ளே உள்ள 4எஃப், 5டி எலக்ட்ரான்கள் ஈர்ப்பைச் சரியாக மறைக்காததும், கனமான அணுக்கருவைச் சுற்றும் எஸ் எலக்ட்ரான்களின் அதிவேகத்தால் வரும் சார்பியல் விளைவும் 6எஸ்²-ஐ இறுக்குகின்றன. இரண்டு பிணைப்புகள் கூடுதலாகக் கிடைத்தாலும் அந்த ஜோடியை அவிழ்க்கும் செலவு கட்டுப்படியாகாது.

இன்வெர்ட்டர் பேட்டரி ஓடுவது இதை வைத்துத்தான். நேர்மின் தகட்டில் உள்ள ஈய டைஆக்சைடில் ஈயம் +4. அது +2-க்கு இறங்கத் துடிக்கிறது. எதிர்மின் தகட்டில் உள்ள ஈயம் 0-விலிருந்து +2-க்கு ஏறுகிறது. இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட்டாகவே முடிகிறது.

பக்கத்துத் தொகுதிகளிலும் இதே கதை: 13-இல் தாலியத்துக்கு +1, 15-இல் பிஸ்மத்துக்கு +3. ஆகவே 13 முதல் 15 வரையிலான தொகுதிகளில் ஆறாம் தொடர்த் தனிமம் ஒன்று கேள்வியாக வந்தால், வந்த எண்ணிலிருந்து 2 கழித்ததையும் ஒரு ஆக்சிஜனேற்ற நிலையாக எழுதிவையுங்கள். பெரும்பாலும் அதுவே நிலையானது.

சிலிக்கானில் ஓர் எலக்ட்ரானின் விலை

சிலிக்கான் படிகத்தில் ஒவ்வோர் அணுவும் தன் நான்கு எலக்ட்ரான்களால் நான்கு அண்டை அணுக்களோடு பிணைந்திருக்கிறது. ஒரு கன சென்டிமீட்டரில் சுமார் 5×10²² அணுக்கள். அறை வெப்பநிலையில் தூய படிகத்தில் சுதந்திரமாக ஓடுபவை சுமார் 10¹⁰ எலக்ட்ரான்கள் மட்டுமே. இதில் 50 லட்சம் அணுக்களுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பாஸ்பரஸைக் கலந்தால், 15-ஆம் தொகுதியின் ஐந்தாவது எலக்ட்ரானுக்குப் பிணைக்க ஆளில்லை. அது ஓடத் தொடங்கும். சுதந்திர எலக்ட்ரான்கள் 10¹⁶ ஆகிவிடும், பத்து லட்சம் மடங்கு. பாஸ்பரஸுக்குப் பதில் 13-ஆம் தொகுதி போரானைக் கலந்தால் ஒரு பிணைப்பில் ஓர் எலக்ட்ரான் குறையும். அந்தத் துளை நகரும். முன்னது என்-வகை, பின்னது பி-வகைக் குறைக்கடத்தி. கேலியம் ஆர்சனைடு, கேலியம் நைட்ரைடு போன்றவையும் இதே கணக்கில்தான்: 3+5 = 8, சராசரி நான்கு.

கைப்பழக்கத்துக்குச் சில கணக்குகள்

அணு எண் 56: 56−54 = 2. தொகுதி 2, எலக்ட்ரான் 2. பேரியம், குளோரைடில் ஒன்றுக்கு இரண்டு.

அணு எண் 52: 52−36 = 16. எலக்ட்ரான் 6. டெல்லூரியம். இதன் அணுநிறை 127.6, அடுத்த தனிமமான அயோடினுக்கு 126.9. நிறை வரிசைப்படி இடம் மாற வேண்டியது. எலக்ட்ரான் கண்டறியப்படாத 1869-இலேயே மெண்டலீவ் நிறையை ஒதுக்கிவிட்டு, குணத்தைப் பார்த்து டெல்லூரியத்தை ஆக்சிஜன் குடும்பத்தில் வைத்தார். எக்ஸ்-கதிர் அளவீட்டால் அணு எண்ணே அடிப்படை என்று 1913-இல் மோஸ்லி காட்டியபோது அந்த முடிவு சரியென்றானது.

அணு எண் 81: 81−54 = 27; 27−14 = 13. எலக்ட்ரான் 3. தாலியம், +3, +1 இரண்டும் எழுத வேண்டும், நிலையானது +1.

அயனியாக்கும் ஆற்றல்கள் 590, 1145, 4912: வித்தியாசங்கள் 555, 3767. தொகுதி 2, தனிமம் கால்சியம். தொகுதியைத் தாவல் சொல்கிறது. எந்தத் தொடர் என்பதைச் சொல்வது முதல் எண்ணின் அளவு. மெக்னீசியத்துக்கு அது 738.

அணு எண் 46: 46−36 = 10, தொகுதி 10. பல்லேடியம். அமைப்பை எழுதிப் பார்த்தால் 4டி¹⁰, அதோடு முடிந்தது. 5எஸ்-இல் ஒன்றுமே இல்லை. ஐந்தாம் தொடரில் இருந்துகொண்டு ஐந்தாம் கூட்டில் ஓர் எலக்ட்ரான்கூட இல்லாத ஒரே தனிமம் இது. எஸ், டி இரண்டையும் கூட்டினால் அப்போதும் 10 வருகிறது.